பதினாறு ஓட்டைகளும் ஒரு டிஷ்ஷும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை இப்பக்கத்து மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை; ஆனால் மேல்தளத்தின் கூரையில் நான்கு இடங்களில் நீர் பூத்து, தம்பியின் படுக்கையறைச் சுவர் முழுவதும் ஓதம் ஏறிவிட்டது. தை பிறந்து வெயில் வந்ததும் கொத்தனாரை அழைத்து மொட்டை மாடியைக் காட்டினோம். அவர் தட்டோடுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்து, டிஷ் ஆன்டெனாக்கள் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். நான்கு டிஷ், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆங்கர் போல்ட், ஆகப் பதினாறு ஓட்டைகள். ஒவ்வொரு ஆடிக் காற்றிலும் டிஷ் ஆடியாடி, போல்ட்டைச் சுற்றிய தட்டோடு விண்டு, அந்த வழியாகத்தான் நீர் இறங்கியிருந்தது. "இதையெல்லாம் எடுத்தாத்தான் நான் பூச முடியும். பூசின பிறகு மறுபடி யாரும் துளை போடக் கூடாது" என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. கீழே முன்பகுதியில் அப்பாவும் அம்மாவும், பின்பகுதியில் வாடகைக்கு இருக்கும் ஒரு ஆசிரியை, முதல் மாடியில் நான், இரண்டாம் மாடியில் தம்பி. அப்பா, நான், ஆசிரியை மூவரும் ஒரே நிறுவனத்தின் கட்டண டி.டி.எச். சேவையில் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். தம்பி மட்டும் மாதக் கட்டணம் இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் பெட்டி வைத்திருக்கிறான். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தூர்தர்ஷன் தொடங்கிய அதே சேவைதான். இந்த இரண்டு சேவைகளும் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கும் ஒரே செயற்கைக்கோள் இடத்திலிருந்து வருவதால், நான்கு டிஷ்களும் வானத்தின் ஒரே புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. வேறு வேறு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருப்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான். செயற்கைக்கோள் வேறாக இருந்தால், இனி நான் சொல்லப்போகும் எதுவும் அவர்களுக்கு உதவாது. அவரவருக்குத் தனி டிஷ்தான். எங்களுக்கு இடம் ஒன்றாக இருந்ததால், ஒரே டிஷ் போதுமே என்று எனக்குத் தோன்றியது.

ஒன்றாக்கும் வேலையை எளிது என்று நினைத்துத் தொடங்கியதுதான் முதல் பிழை. பழைய கேபிள் டிவி காலத்து ஸ்பிளிட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அப்பாவின் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை அதில் சொருகி, ஒரு முனையை அப்பாவின் பெட்டிக்கும் மறுமுனையை தம்பியின் பெட்டிக்கும் கொடுத்தேன். இரண்டு டிவியிலும் படம் வரவில்லை. அந்த ஸ்பிளிட்டரின் உலோக உடலில் பொறித்திருந்த எண்ணை அதன் பிறகுதான் படித்தேன்: 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி., வானிலிருந்து வரும் மிக உயர்ந்த அதிர்வெண்ணிலிருந்து தனக்குள்ளேயே உண்டாக்கும் அலையான உள்ளலையின் 9,750 மெகாஹெர்ட்ஸைக் கழித்து, மிச்சத்தைத்தான் கேபிளில் இறக்குகிறது. ஃப்ரீ டிஷ்ஷின் 11,090 என்ற அலைவரிசை கேபிளுக்குள் வரும்போது 1,340 ஆக இருக்கும். டி.டி.எச். கேபிளில் ஓடுவது 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சமிக்ஞை. 1000 வரை மட்டுமே தாங்கும் ஸ்பிளிட்டருக்குள் அது எப்படிப் போகும்? அதைவிட முக்கியமாக, அந்த ஸ்பிளிட்டர் கீழிருந்து மேலே மின்சாரத்தையும் விடவில்லை. மின்சாரம் போகாத எல்.என்.பி. வேலையே செய்யாது.

அடுத்து, 2,400 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்குவதும் மின்சாரத்தை விடுவதுமான டி.டி.எச். ஸ்பிளிட்டரை வாங்கி வந்தேன். அப்பாவின் டிவியில் உடனே படம் வந்தது. தம்பியின் டிவியில் வரவில்லை. கேபிளை மாற்றினேன், கனெக்டரை மாற்றினேன், ஸ்பிளிட்டரின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அப்பாவுக்கு மட்டுமே வந்தது. இரண்டு நாள் இப்படிப் போனபின், தம்பி ஒரு காலையில் சொன்னான்: "அண்ணே, அப்பா தூங்கின பிறகு என் டிவி நல்லா வருது. காலையில அவங்க எந்திரிச்சதும் போயிருது."

முழுச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அப்பா இரவு பத்து மணிச் செய்தி முடிந்ததும் டிவியை ரிமோட்டில் அணைப்பதோடு நிற்காமல், சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அவருடைய பெட்டிக்கு மின்சாரம் நின்ற பிறகு மட்டுமே தம்பியின் பெட்டி உயிர் பெற்றது. சாதாரணமாக ரிமோட்டில் அணைப்பவராக அப்பா இருந்திருந்தால், பெட்டி தூங்குவதுபோல் இருந்தாலும் கேபிளில் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்திருக்கும். இந்தத் துப்பு எனக்குக் கிடைத்தே இருக்காது.

மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். அப்பாவின் பெட்டியின் பின்புறத்தில் 18 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. தம்பியின் பெட்டியில் 13 வோல்ட்டுக்குச் சற்று மேலே. அந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக டிஷ் கேபிளைப் பற்றி நான் நினைத்திருந்தது பாதிதான் என்று புரிந்தது. படம் மேலிருந்து கீழே இறங்குகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதே கம்பியில், கீழிருந்து மேலே ஒரு கட்டளை ஏறிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள், அலைகளைச் செங்குத்தாகவும் கிடையாகவும் இரண்டு விதமாக அனுப்புகிறது. இதனால் ஒரே அதிர்வெண் இடைவெளியில் இரு மடங்கு சேனல்களை அனுப்ப முடிகிறது. 13 வோல்ட் வந்தால் எல்.என்.பி. செங்குத்து அலையை எடுத்துத் தரும். 18 வோல்ட் வந்தால் கிடை அலையை எடுத்துத் தரும். இன்னும் ஒரு கட்டளையும் உண்டு: மின்சாரத்தோடு 22 கிலோஹெர்ட்ஸ் சிறு துடிப்பு ஒன்று சேர்ந்து வந்தால், யுனிவர்சல் வகை எல்.என்.பி. மேல் அலைத்தொகுதிக்கு, அதாவது உயர்ந்த அதிர்வெண் பகுதிக்கு, மாறிக்கொள்ளும். ஒரு வாய் உள்ள சாதாரண எல்.என்.பி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளைக்குத்தான் கீழ்ப்படிய முடியும். ஸ்பிளிட்டர் வழியாக 18 வோல்ட்டும் 13 வோல்ட்டும் சேர்ந்து ஏறினால் 18 தான் மேலே போய்ச் சேரும். ஃப்ரீ டிஷ் அலைவரிசைகள் செங்குத்து வகை. அப்பாவின் பெட்டி கேட்டது கிடை வகை. ஆகவே அப்பா விழித்திருக்கும்வரை தம்பிக்குப் படம் கிடையாது.

ஸ்பிளிட்டர் கெட்ட பொருள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரே சேவையின் இரண்டு பெட்டிகள், ஒரே வகை அலையையும் ஒரே அலைத்தொகுதியையும் மட்டும் கேட்பவையாக இருந்தால், ஸ்பிளிட்டர் குறையின்றி வேலை செய்யும். இரண்டு டிவியிலும் ஃப்ரீ டிஷ் மட்டுமே பார்க்கும் வீடுகளில் அது பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். "எங்க வீட்ல ஸ்பிளிட்டர் நல்லாத்தானே ஓடுது" என்று ஒருவரும், "சில சேனல் வருது, சில சேனல் வரல" என்று இன்னொருவரும் சொல்வதற்குக் காரணம், பெட்டிகள் என்ன கேட்கின்றன என்பதில் இருக்கும் வேறுபாடுதான். செங்குத்தா கிடையா என்பதை ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஒரே பெட்டியில் பல சேனல்களை மாற்றி மாற்றி வைத்து, வோல்ட் மாறுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

எங்களுக்கு வேண்டியது நான்கு பெட்டிகளின் கட்டளையையும் தனித்தனியாகக் கேட்டு, நான்கையும் தனித்தனியாக நிறைவேற்றும் எல்.என்.பி. அதற்குக் குவாட் எல்.என்.பி. என்று பெயர், ஒரே உடலில் நான்கு வாய்கள். இங்கே இன்னொரு தவறு நடந்தது. கடையில் எனக்குக் கொடுத்ததும், நான் பார்க்காமல் வாங்கி வந்ததும் குவாட்ரோ எல்.என்.பி. பெயரும் உருவமும் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்கும் நான்கு வாய்களே. ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் ஒரே வகை அலையை நிலையாகத் தருவது: கீழ்த்தொகுதிச் செங்குத்து, கீழ்த்தொகுதிக் கிடை, மேல்தொகுதிச் செங்குத்து, மேல்தொகுதிக் கிடை. அவற்றை மல்டிசுவிட்ச் என்ற தனிக் கருவிக்குக் கொடுத்து, அங்கிருந்துதான் பெட்டிகளுக்குப் பிரிக்க வேண்டும். எட்டு, பதினாறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதுவே சரியான வழி. நேராகப் பெட்டியில் சொருகினால், எந்த வாயில் எந்தப் பெட்டி பொருந்துகிறதோ அதற்கு மட்டுமே படம் வரும். வாயின் அருகே சிறிய எழுத்துகள் அச்சிட்டிருந்தால் அது குவாட்ரோ என்று அறிந்துகொள்ளலாம். பெயரின் கடைசி எழுத்தைக்கூட விடாமல் படித்துவிட்டு வாங்குங்கள். உள்ளலை அதிர்வெண்ணையும் கேட்டுவிடுங்கள்; சில நிறுவனங்களின் பெட்டிகள் தங்களுக்கென்று தனியான ஒற்றை அதிர்வெண் கொண்ட எல்.என்.பி.யைத்தான் எதிர்பார்க்கும்.

இனி டிஷ்ஷை எங்கே வைப்பது என்ற கேள்வி. இதில்தான் எனக்கு மிகுந்த மனநிறைவு கிடைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து 93.5 டிகிரிச் செயற்கைக்கோளைப் பார்க்க, நேர்கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 28 டிகிரி திரும்பி, தரையிலிருந்து 69 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், நமக்குச் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கிறது. இதனால் ஒரு வசதி உண்டு: டிஷ்ஷிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பொருள், டிஷ்ஷைவிட 2.6 மீட்டர் உயரமாக இருந்தால்தான் பார்வையை மறைக்கும். அப்படியானால் டிஷ்ஷை வெட்டவெளியின் நடுவில் நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. எங்கள் ஊரில் ஆடிக் காற்று மேற்கேயிருந்து, மலைக் கணவாய்களின் வழியாக அடிக்கிறது. படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவரில் ஒரு இரும்புக் குழாயைப் பட்டை போட்டு இறுக்கி, அதில் டிஷ்ஷை மாட்டினோம். டிஷ் கிழக்கே பார்க்கிறது; காற்று வரும் மேற்குப் பக்கத்தைச் சுவரே அடைத்து நிற்கிறது. தளத்தில் ஒரு துளைகூட இல்லை. அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் காற்றுக்கு முதுகைக் காட்டி நான்கு டிஷ்களை இத்தனை காலம் வைத்திருந்தோம் என்பதை நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. பொருத்த வருபவர்கள் யாரும் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

நான்கு டிவிக்குப் பெரிய டிஷ் வேண்டும் என்று பொருத்துநர் ஒருவர் சொன்னார். அது தேவையில்லை. சமிக்ஞையின் தரம் டிஷ்ஷிலும் எல்.என்.பி.யின் முகப்பிலுமே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நான்கு வாயாகப் பிரிவதால் அந்தத் தரம் குறைவதில்லை. ஒரு டிவிக்குப் போதுமாக இருந்த அதே 60 சென்டிமீட்டர் டிஷ்தான் இன்று நான்குக்கும் போதுமாக இருக்கிறது. பெரிய டிஷ் மழை நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், உண்மைதான். ஆனால் அது காற்றையும் கூடுதலாகப் பிடிக்கும், குறியும் இன்னும் துல்லியமாக வைக்க வேண்டியிருக்கும்.

எல்.என்.பி.யை மாட்டும்போது ஒரு நாள் மாலை முழுவதும் வீணானது. பழைய எல்.என்.பி.யைக் கழற்றிய வேகத்தில், அது எவ்வளவு சாய்ந்திருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். புதியதை, கேபிள் வாய்கள் நேராகக் கீழே பார்க்கும்படி மாட்டினேன். பார்வைக்கு அதுதான் ஒழுங்காக இருந்தது. பெட்டியின் திரையில் சமிக்ஞையின் வலிமை நன்றாக இருந்தும், தரம் என்ற கோடு மட்டும் எழவே இல்லை. செங்குத்து, கிடை என்பவை செயற்கைக்கோள் இருக்கும் தீர்க்கரேகையைப் பொறுத்தவை. நாம் அதன் நேர்கீழே இல்லாமல் மேற்கே தள்ளி இருப்பதால், நம் கண்ணுக்கு அவை சாய்ந்து தெரிகின்றன. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். கணக்குப்படி டெல்லியில் இதே செயற்கைக்கோளுக்கு ஏறத்தாழ 27 டிகிரிச் சாய்வு என்றால், எங்கள் ஊரில் 60 டிகிரி. நேராக மாட்டிய எல்.என்.பி. இரண்டு அலைகளையும் குழப்பிக்கொண்டிருந்தது. கழற்றாமல் விட்டிருந்த ஆசிரியையின் டிஷ்ஷைப் பார்த்து, அதே சாய்வுக்குத் திருப்பியதும், தம்பி கீழிருந்து "வந்துட்டு, அப்படியே விடுங்கண்ணே" என்று குரல் கொடுத்தான். ஒரு சேவையின் பெட்டி நன்றாகவும் மற்றொன்றின் பெட்டி மோசமாகவும் காட்டினால், டிஷ்ஷை அசைக்கும் முன்பு எல்.என்.பி.யின் சாய்வைப் பாருங்கள். கழற்றும் முன்பு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கேபிள் வேலையில் நான் பொறுமையாக இருந்தேன். ஆசிரியையின் பகுதிக்குப் போன பழைய கேபிளில், பால்கனி மூலையில் யாரோ இரண்டு துண்டுகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது செம்பு முழுவதும் பச்சையாகக் களிம்பு ஏறி, தொட்டதும் உதிர்ந்தது. அவர் வீட்டில் மழை நாள்களில் படம் போவதற்கு வானத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்; பாதிக் குற்றம் அந்த முறுக்கில் இருந்தது. நான்கு இணைப்புக்கும் ஒட்டில்லாத புதிய ஆர்.ஜி.6 கேபிள் இழுத்தோம். மிக நீளமானது 35 மீட்டர். அந்த நீளத்தில் சமிக்ஞை இழப்பு 8 டெசிபெல் அளவில்தான் இருக்கும், கவலையில்லை. வோல்ட்டும் குறையும் என்பதைச் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்: எல்.என்.பி. கிடை அலைக்கு மாற 16 வோல்ட்டுக்கு மேல் அதன் வாயில் போய்ச் சேர வேண்டும். மேலுறைக்குள் மெலிந்த உலோக இழைப் பின்னலும் நடுவில் செம்பு பூசிய இரும்புக் கம்பியுமாக வரும் மலிவான கேபிளை 100 மீட்டர் இழுத்தால், 18 வோல்ட்டாகப் புறப்பட்டது வழியிலேயே தேய்ந்து, கிடை அலைச் சேனல்கள் மட்டும் வந்தும் வராமலும் இருக்கும்.

கனெக்டர் போடுவதற்கு அவசரம் ஆகாது. கேபிளின் மேலுறையைச் சீவி, பின்னலைப் பின்னுக்கு மடித்து, வெள்ளை உறையை வெட்டி, நடுக்கம்பி கனெக்டரின் வாயைவிட ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிய வேண்டும். எனக்குப் போட்டதில் முதல் முறை பெட்டியின் திரையில் ஷார்ட் என்ற எச்சரிக்கை வந்தது. கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பின்னலிலிருந்து ஒரே ஒரு இழை, தலைமுடியைப்போல், நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல பெட்டியானதால் தானாக மின்சாரத்தை நிறுத்திக்கொண்டது. மாடியில் இருக்கும் இணைப்புகளுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, ஒவ்வொரு கேபிளும் எல்.என்.பி.யில் ஏறும் முன் தாழ்ந்து வளைந்து எழும்படி விட்டோம். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் வழியாது.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். தனித்தனி டிஷ் இருந்தவரை, என் டிஷ்ஷில் கை வைக்கும்போது என் பெட்டியை அணைத்தால் போதுமாக இருந்தது. ஒரே எல்.என்.பி. ஆன பிறகு, நான்கு வீட்டுப் பெட்டிகளும் அந்த ஒரே உலோக உடலில் வந்து சேர்கின்றன. மாடியில் கேபிளைத் தொட்டபோது என் விரல்களில் சுருக்கென்று ஏறியது. என் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தேன், ஆசிரியையின் பெட்டி இரண்டு முள் பிளக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தகைய பெட்டிகளின் உலோகப் பகுதியில் சிறு கசிவு மின்சாரம் எப்போதும் இருக்கும். பெட்டிகள் கூடக் கூட அதுவும் கூடும். ஏணியின் மேல் நிற்பவருக்கு அந்தச் சுருக்கே போதும், கால் இடற. இப்போது எல்.என்.பி.யைத் தொடும் முன் நான்கு வீட்டுக்கும் சொல்லிப் பிளக்கையே பிடுங்கிவிடச் செய்கிறோம். இரும்புக் குழாயிலிருந்து தடித்த செம்புக் கம்பியை இழுத்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு வீட்டின் எர்த்துடன் இணைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் பெட்டியின் பின்னால் இருக்கும் கேபிளையும் கழற்றி வைக்கும்படி அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று. ஒரே டிஷ் என்பதால், ஒரு மின்னல் நான்கு டிவிக்கும் வழி தேடிக்கொள்ளும்.

டிஷ் ஒன்றானதும், "அப்ப ஒரே கணக்குல நாலு பேரும் பார்க்கலாமே" என்று உறவினர் ஒருவர் கேட்டார். முடியாது, செய்யவும் கூடாது. டிஷ்ஷும் எல்.என்.பி.யும் பொதுவானவை, பெட்டியும் அதற்குள் இருக்கும் கார்டும் அவரவர் கணக்கு. ஒரே குடும்பத்தில் இரண்டாவது டிவிக்கு நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் கூடுதல் இணைப்பு தருகின்றன, அதைக் கேட்டு வாங்கலாம். வாடகைக்கு இருப்பவர் வேறு குடும்பம்.

கொத்தனார் பதினாறு ஓட்டைகளையும் உளியால் அகலப்படுத்தி, தூசியை ஊதி எடுத்து, கலவை ஊற்றி அடைத்து, புதிய தட்டோடு பதித்தார். அந்த ஆண்டு ஆடியில் காற்று வழக்கம்போல் அடித்தது. மாடிக்கு ஏறிப் பார்த்தேன்; குழாயிலும் டிஷ்ஷிலும் சுண்ணாம்புக் கட்டியால் போட்டு வைத்திருந்த இரண்டு கோடுகளும் விலகாமல் நேராகவே நின்றன.

போன மாதம் ஆசிரியை, தன் மகனின் அறைக்கு அதே சேவையில் கூடுதல் இணைப்பு எடுத்தார். நான்கு வாய்களும் நிறைந்திருந்தன. மல்டிசுவிட்ச் வாங்க வேண்டுமா என்று அவர் கவலைப்பட்டார். புதிய பெட்டியை மல்டிமீட்டரில் அளந்தேன், அவருடைய பழைய பெட்டியையும் அளந்தேன். அவர்கள் பார்க்கும் சேனல்களை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் இரண்டிலும் 18 வோல்ட்டே நின்றது. மேசை இழுப்பறையில் சும்மா கிடந்த அந்த டி.டி.எச். ஸ்பிளிட்டரை எடுத்து, அவருடைய கேபிளில் போட்டேன். இரண்டு அறைகளிலும் படம் வந்தது.